பாய்லர் ஆளை வெந்நீரில் இறக்கிய ஒன்பது நாட்கள்

2016 பிப்ரவரி முதல் வாரம், வடலூர் தைப்பூசக் கூட்டமெல்லாம் கலைந்த பிறகு, நானும் என் வீட்டுக்காரரும் சேலத்திலிருந்து நெய்வேலிக்குப் போய் ஒன்பது நாள் தங்கிவிட்டு வந்தோம். சுற்றிப் பார்க்கப் போகவில்லை. அவரை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைக்கப் போனோம். வீட்டில் வயதானவர்களை வைத்துக்கொண்டு இப்படி ஒரு சிகிச்சைக்கு அழைத்துப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். போன பதிவின் கீழே "பாட்டி, டாக்டர் சொல்றதக் கேளுங்க" என்று எழுதிய தம்பிக்கும் சேர்த்துத்தான். தம்பி, முழுவதும் படி. உனக்குச் சாதகமாகவும் இதில் கொஞ்சம் இருக்கிறது.

அவர் பெயர் கலியமூர்த்தி, வயது எழுபத்தொன்று. இப்போது மகனோடு சேலத்தில் இருக்கிறோம். அதற்கு முன் நெய்வேலி அனல்மின் நிலையத்தில் பாய்லர் பக்கம் இருபத்தெட்டு வருடம் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தார். கான்ட்ராக்ட்காரர் நான்கு முறை மாறினார். இவர் வேலையும் மாறவில்லை, பர்மனென்ட்டும் ஆகவில்லை. நான் அங்கேயே கேன்டீனில் பாத்திரம் கழுவச் சேர்ந்து, பிறகு மோர் ஊற்றும் ஆளானேன். சூட்டிலிருந்து வெளியே வருகிறவர்களுக்கு உப்பு மோர். முப்பத்தெட்டு வயதில், கேன்டீன் கரும்பலகையில் எழுதும் பலகாரப் பெயர்களைப் பார்த்து எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டேன். பொங்கல், இட்லி, உப்புமா. இதுதான் என் பள்ளிக்கூடம். இப்போது இங்கிலீஷ் மருத்துவக் கட்டுரைகளைப் போனே தமிழாக்கிக் கொடுக்கிறது. புரியாத இடத்தை ஐந்து முறை படிப்பேன்.

அவருக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை, ஐந்து வருடமாக இன்சுலின். முட்டி தேய்ந்துவிட்டது, நடக்க முடியாது. நடக்காவிட்டால் சர்க்கரை குறையாது என்று டாக்டர் சொல்வார். முட்டிக்கு வழி கேட்டால் எடையைக் குறைக்கச் சொல்வார். எடையைக் குறைக்க வழி கேட்டால் நடக்கச் சொல்வார். இந்தச் செக்கைச் சுற்றி அலுத்துப்போய்த்தான் நான் படிக்க ஆரம்பித்தேன்.

படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெந்நீரில் மார்பளவுக்கு உட்கார்ந்தால் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, இதயம் வேகமாக அடிக்கிறது. வேகமாக நடந்தவர் உடம்பில் நடப்பது போலக் கொஞ்சம் நடக்கிறது. தொடர்ந்து செய்தால் உடம்பு இன்சுலினை நன்றாகப் பயன்படுத்தலாம், மூளைக்குப் போகும் ரத்த ஓட்டத்துக்கும் உதவலாம், வயதானவர்களின் நினைவாற்றலுக்கும் நல்லதாக இருக்கலாம் என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். எல்லாக் கட்டுரையிலும் 'லாம்', 'லாம்' என்றுதான் இருந்தது. நான்தான் அந்த 'லாம்'களைத் தாண்டித் தாண்டிப் படித்தேன்.

ஒரு கட்டுரையை அச்செடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் கொடுத்தேன். வாங்கி மேசையில் வைத்து, அதன்மேல் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை வைத்தார். அதோடு சரி. நானும் அதற்குப் பிறகு அவரிடம் எதுவும் சொல்லவில்லை. அக்டோபர் மாதம் ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம்மை இடுப்பளவுக்கு வெட்டி வாங்கி, குளியலறையில் வைத்து, நானே சிகிச்சையைத் தொடங்கினேன். காலை ஆறரைக்கு ஊசி. உடனே டிரம்மில் அரை மணி நேரம். பிறகு துடைத்து, சட்டை மாட்டி, எட்டு மணிக்குப் பலகாரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடையாது, மகன் வீட்டில் இருப்பான், சத்தம் போடுவான். இந்த நேரக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தோன்றாதது உங்களுக்குத் தோன்றினாலும் தோன்றும்.

நவம்பரில் ஒரு காலை, குளித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் என் முகத்தை நேராகப் பார்த்துக் கேட்டார்: "அஞ்சலை கேன்டீன்லேருந்து வந்துட்டாளா?"

அஞ்சலை நான்தான்.

ஜனவரி முடிவதற்குள் இப்படி ஏழெட்டுத் தடவை ஆனது. பலகாரம் சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடுவார். கேட்டால் நினைவில்லை என்பார். மகன், "வயசாயிடுச்சும்மா, மறதி வியாதி ஆரம்பிக்குது, ஸ்கேன் எடுத்துடலாம்" என்றான். எனக்கு ஒரே நினைப்புதான். சூடு போதவில்லை. டிரம் தண்ணீர் பத்து நிமிடத்தில் ஆறிவிடுகிறது, அதனால்தான் மூளைக்கு எட்டவில்லை. நாற்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவர் என்னைப் பார்த்து என்னையே தேடும்போது, ஸ்கேன் தேதிக்காகக் காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

கேன்டீனில் என்னோடு வேலை பார்த்த ஒருத்தி போனில் சொன்னாள்: மந்தாரக்குப்பத்தில் சுகந்தி என்று ஒரு பிசியோதெரபி அம்மா வீட்டுப் பின்கட்டில் தொட்டி கட்டியிருக்கிறார், தண்ணீர் ஆறவே ஆறாது, மெஷின் வைத்திருக்கிறார். அன்றே முடிவு செய்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது கட்டிலிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார்.

"இருபத்தெட்டு வருசம் பாய்லர்ல வெந்த ஒடம்புடி இது. காசு குடுத்து வேற போயி வேவணுமா?"

"நெய்வேலிக்குப் போறோம்னு சொல்றன்."

மறுபடி கட்டிலில் உட்கார்ந்தார். "சிம்னி தெரியற மாதிரி ரூம் பாக்கச் சொல்லு" என்றார்.

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் காலை 5.20க்கு, ஆத்தூர், சின்னசேலம் வழியாக விருத்தாசலம் போகும் பேருந்தைப் பிடித்தோம். சுமார் 140 கிலோமீட்டர், ஆளுக்கு 95 ரூபாய். முட்டி வலிக்காரர்கள் ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் உட்காருங்கள். சக்கரத்துக்கு மேல் இருக்கும் சீட்டில் காலை மடக்கி வைக்க வேண்டியிருக்கும். ஆத்தூரில் பத்து நிமிடம் நிற்கும். கழிப்பறைக்கு ஐந்து ரூபாய், சில்லறையாக வைத்திருங்கள். இன்சுலினை ஈரத்துணி சுற்றிய சின்ன டப்பாவில் மடியில் வைத்திருந்தேன். ஜன்னலோரம் வெயில் படும் இடத்தில் வைக்காதீர்கள்.

9.25க்கு விருத்தாசலம். பேருந்து நிலையத்துக்கு எதிர்க் கடையில் இலையில் பொங்கல் விழுந்ததைப் பார்த்த பிறகுதான் ஊசி போட்டேன். வெளியூரில் சாப்பாடு எப்போது கிடைக்கும் என்று தெரியாதே. அங்கிருந்து மந்தாரக்குப்பம் 20 கிலோமீட்டர், 45 நிமிடம், 17 ரூபாய். அன்று முழுவதும் அவர் ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. எந்த வளைவில் எந்த வருடம் ரோட்டை மாற்றிப் போட்டார்கள் என்று கண்டக்டருக்கே பாடம் எடுத்தார். "ஐயா மைன்ஸுங்களா?" என்று கண்டக்டர் கேட்க, "தெர்மல்" என்றார், பர்மனென்ட் ஆட்களே தோற்றுப்போகும் குரலில்.

நிறுத்தத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் ஆட்டோ, 40 ரூபாய். ஓட்டுநர் பெயர் வேலு, முப்பது வயதிருக்கும். ஒன்பது நாளும் அவரையே பேசி வைத்துக்கொண்டோம். தினம் போக வர 80. தங்கியது தோழியின் தெரிந்தவர் வீட்டு மாடி அறை, நாளைக்கு 250. ஜன்னலைத் திறந்தால் சிம்னி தெரியும். துணி காயப்போட்டால் கருந்தூள் விழும். வெள்ளை வேட்டி கொண்டுபோகாதீர்கள்.

சுகந்திக்கு நாற்பத்திரண்டு வயது. டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவர். தொட்டி சிமென்ட், உள்ளே நீல ஓடு, இறங்க இரண்டு படி, பிடித்துக்கொள்ள ஸ்டீல் குழாய். அந்தப் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே வெதுவெதுப்பாகத்தான் வரும். மீதிச் சூட்டை ஹீட்டர் ஏற்றும். தண்ணீரில் ஒரு வெப்பமானி மிதக்கும். நான் முழங்கையை விட்டுப் பார்த்து, "இது பத்தாதுங்க" என்றேன்.

"அம்மா, கைய நம்பாதீங்க. சுகர் பேஷன்ட்டுக்குக் கால்ல உணர்ச்சி கம்மி. சுட்டாக்கூடத் தெரியாது. ஃபர்ஸ்ட் டே முப்பத்தெட்டு டிகிரி, பதினஞ்சு நிமிஷம். அப்புறம் மெதுவா நாப்பது. அதுக்கு மேல கிடையாது."

"நான் படிச்ச கட்டுரையில ஒரு மணி நேரம் உக்கார வெச்சிருக்காங்க."

"அவங்க பக்கத்துல டாக்டர் நின்னிருப்பாரு. இங்க நான்தான் நிக்கறேன்."

எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் 200 ரூபாயைக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் இறங்கும் முன் மூன்று கேள்வி கேட்பார்: பிரஷர் மாத்திரை எப்போது போட்டீர்கள், ஊசி எப்போது, சாப்பாடு எப்போது. நான் பதில் சொல்வேன். அவர் நோட்டில் குறித்துக்கொள்வார்.

முதல் மூன்று நாளும் மாலை நான்கு மணி. என் வீட்டுக்காரர் பழைய காக்கி அரை டிராயரைப் போட்டுக்கொண்டு, "எந்தப் பக்கம் ஏறணும், எந்தப் பக்கம் எறங்கணும்?" என்று தொட்டியைச் சுற்றி வந்து வழி பார்த்துவிட்டுத்தான் இறங்குவார். தண்ணீர் மார்பைத் தொட்டதும், "இதுக்குப் பேரு சூடா? எங்க சூப்பர்வைசரு இதுல டீயே போட மாட்டாரு" என்பார். சுகந்தி சிரிப்பார். ராத்திரி நன்றாகத் தூங்கினார். மூன்று நாளில் ஒரு காலைகூட என்னைத் தேடவில்லை. மூன்றாம் நாள் மகனுக்குப் போன் போட்டு, "ஸ்கேனும் வேணாம் ஒண்ணும் வேணாம், ஒங்கப்பாவுக்கு மூளை தெளிஞ்சிகினு வருது" என்று சொன்னேன். ஜெயித்த சந்தோஷத்தில் கூடுதலாக நான்கு வார்த்தையும் சொன்னேன். அவற்றை இங்கே எழுதவில்லை.

நான்காம் நாள், பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை என்று அறிவித்திருந்தார்கள். (ஊருக்கெல்லாம் கரண்ட் அனுப்புகிற இடத்துக்குப் பக்கத்தில்.) அதனால் சுகந்தி எங்களைக் காலை ஏழரைக்கு வரச் சொன்னார். 6.50க்கு வயிற்றில் ஊசி போட்டேன். வேலு வாங்கி வந்த நான்கு இட்லிப் பொட்டலத்தை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, துண்டு, மாற்றுடை எடுக்க மாடிக்குப் போனேன். இறங்கி வந்தபோது பொட்டலம் காலி. "சாப்பிட்டாச்சா?" என்றேன். "ஆச்சி" என்றார். சுகந்தி கேட்டபோது நானும் அதையே சொன்னேன்.

39 டிகிரி. பன்னிரண்டாவது நிமிடம், குழாயைப் பிடித்திருந்த கை நழுவியது. மறுபடி பிடித்தார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. வெந்நீரில் யாருக்கும் வியர்க்கும்தானே. பிறகு, யாரையோ அதட்டும் குரலில், "கேட்ட மூடுறா, சாம்பல் வந்துகினு இருக்கு" என்றார். நான் குனிந்தேன். என் முகத்தைப் பார்த்தார்.

"அஞ்சலை கேன்டீன்லேருந்து வந்துட்டாளா?"

அந்த நேரத்தில் நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். சுகந்தியிடம் சொன்னேன்: "இது அவருக்கு வர்றதுதாங்க. மறதி. இதுக்குத்தான கூட்டியாந்தன். தண்ணிய இன்னும் ரெண்டு டிகிரி ஏத்துங்க."

சுகந்தி ஹீட்டரை அணைத்தார். சர்க்கரை பார்க்கும் மீட்டரை எடுக்க உள்ளே ஓடினார். "சாப்பிட்டாருங்க, எதுக்குக் குத்தறீங்க?" என்று நான் பின்னாலேயே கத்திக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து, ஈர விரலைத் துடைத்து, குத்தினார். எண் வந்தது. 44.

எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து என்று எனக்குத் தெரியும். நான் படிக்காததா? ஆனால் அந்த எண்ணைப் பார்த்தபோது, எழுத்துக்கூட்டத் தெரியாத பழைய அஞ்சலையாக நின்றேன்.

சுகந்தி அடைப்பானைப் பிடுங்கிவிட்டு, போட்டிருந்த துணியோடு தொட்டியில் இறங்கி, பின்னாலிருந்து அவர் அக்குளில் கை கொடுத்துத் தாங்கினார். "அம்மா, குளுக்கோஸ்! ஜன்னல்ல! டம்ளர்ல கலக்குங்க!" கலக்கி உதட்டில் வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டார். தள்ளிவிட்டார், பாதி என் சேலையில் கொட்டியது.

"எறங்கியிருக்கறப்ப வாயில ஒண்ணும் வைக்கக் கூடாது" என்றார் குழறிக்கொண்டே. "யாரு நீ, புது ஆளா?"

அப்போதுதான் புரிந்தது. பாய்லர் பக்கம் இறங்கும் ஆட்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சூட்டுக்குள் போகுமுன் சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டுப் போனவன் உள்ளே வாந்தி எடுப்பான், தலை சுற்றி விழுவான். வெறும் வயிற்றோடு இறங்கி, வெளியே வந்து மோர் குடித்து, அதற்குப் பிறகுதான் சோறு. எங்கேயும் எழுதி ஒட்டாத சட்டம். யாரும் மீற மாட்டார்கள். பதினெட்டு வருடம் அந்த வரிசைக்கு மோர் ஊற்றியவள் நான். அந்த இட்லி எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

அவர் தலை சாயத் தொடங்கியது. "பேச வைங்க, முழுங்கற நெலையில இருக்கறப்பவே குடுக்கணும்" என்றார் சுகந்தி. நான் எழுந்து நின்று, கேன்டீன் ஜன்னலிலிருந்து கத்துவது போலக் கத்தினேன்.

"சங்கு ஊதியாச்சி! ஏ ஷிப்ட் முடிஞ்சிது! மோர வாங்கிக்கினு நகருங்க, வரிச நிக்குது!"

கண்ணைத் திறந்தார். "சங்கு ஊதிட்டானா?"

"எப்பவோ ஊதியாச்சி. இந்தாங்க."

"உப்பு போட்டிருக்கியா?"

"போட்டிருக்கன், குடிங்க."

வாயைத் திறந்தார். ஒரு மடக்கு. இன்னொரு மடக்கு. "இனிக்குது" என்று முகத்தைச் சுளித்தார். "பின்னாடி ஆளு நிக்குது, குடிங்க!" என்று அதட்டினேன். டம்ளர் காலியானது. சத்தம் கேட்டு வாசலிலிருந்து வேலு ஓடி வந்தார். மூன்று பேரும் சேர்ந்து படியேற்றி, தரையில் துண்டு விரித்துக் கிடத்தினோம். கால் மணி நேரம் கழித்து மீட்டர் 78 காட்டியது. அந்தக் கால் மணி நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்று கேட்காதீர்கள்.

முதலில் கூரையைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

"ஏன் எல்லாரும் என்னியச் சுத்தி உக்காந்துகினு இருக்கீங்க?" பிறகு, "அஞ்சலை, ஒஞ்சேலையெல்லாம் ஈரம்டி."

"இட்லி எங்க?" என்றேன்.

"எந்த இட்லி?"

"வாங்கிக் குடுத்தனே."

கொஞ்சம் வெட்கப்பட்டார். "நாயி நின்னிது. சூட்டுல எறங்கப் போறப்ப எவன் திம்பான்?"

சுகந்தி ஈரத் துணியோடு என்னைத் தனியே கூப்பிட்டார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் பதில் வைத்திருந்தேன். அவர் ஒரு கேள்விதான் கேட்டார். "அம்மா, ஊசி போட்ட உடனே உடம்பு சூடானா இன்சுலின் ரத்தத்துல சீக்கிரமா கலந்துடும். வயிறும் காலின்னா சுகர் சடார்னு எறங்கும். வீட்ல அவருக்கு இந்த மறதி வந்தது எப்பல்லாம்? என்ன நேரம்?"

வேலுவின் ஆட்டோவில் திரும்பும்போது விரல் விட்டு நினைத்துப் பார்த்தேன். எல்லாமே காலை. எல்லாமே டிரம்மிலிருந்து எழுந்த பிறகு, பலகாரத்துக்கு முன். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட இல்லை. ஊரிலிருந்து கிளம்பிய நாளும், மாலைத் தொட்டி நாட்களும் அவர் தெளிவாகத்தான் இருந்தார். மூன்று மாதமாக அவரிடமிருந்து என்னை மறக்கடித்தது வயதில்லை, விதியில்லை. என் டிரம். அவர் மறந்த ஒவ்வொரு முறையும் மறுநாள் இன்னும் ஒரு குடம் சுடுதண்ணீர் சேர்த்து ஊற்றியவளும் நான்.

மகனுக்குப் போன் செய்து சொன்னேன். "ஒடனே பஸ் ஏறுங்க" என்றான். ஏறமாட்டேன் என்றேன். சேலம் டாக்டர் நம்பரை மட்டும் வாங்கி, அவரிடம் முழுவதும் சொன்னேன், டிரம் உட்பட.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார்.

"நான் குடுத்த பேப்பர வாங்கி வெச்சீங்களே டாக்டர், படிச்சீங்களா? வீட்ல இத செய்யறியான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பன்."

"கேட்டிருக்கணும்" என்றார். நானும் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். அன்று மாலை டாக்டர் நிதானமாக ஊசியின் அளவைக் குறைத்து, நேரத்தை மாற்றி, சுகந்தியிடமும் பேசினார். ஒரு நாள் முழு ஓய்வு. பிறகு வேண்டுமானால் தொடரலாம், மாலையில் மட்டும், சாப்பாட்டுக்குப் பிறகு, இறங்கும் முன்பும் ஏறிய பின்பும் சர்க்கரை பார்த்து. இரவும் மறுநாளும் இரண்டு மணிக்கொரு தடவை விரலில் குத்தினேன். கோழி கொத்துவது போலக் கொத்துகிறாள் என்று வீட்டுக்காரர் வேலுவிடம் புகார் சொன்னார்.

ஆறாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாள் வரை தொட்டி தொடர்ந்தது. அவர் சாப்பிட மறுத்தார், நான் எதிரில் உட்கார்ந்து கடைசி விள்ளல் வரை பார்த்தேன். எத்தனை வருடப் பழக்கம், பேசி மாற்ற முடியாது. கண்ணால் பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.

வெந்நீரால் குணமானதா என்று கேட்பீர்கள். ஒன்பது நாளில் யாராலும் சொல்ல முடியாது, சொல்பவரை நம்பாதீர்கள். முட்டி வலி குறைந்தது, தூக்கம் வந்தது. என்னைத் தேடுவது நின்றது, ஆனால் அது தொட்டி கொடுத்ததல்ல, நான் டிரம்மை நிறுத்தியதால் வந்தது. சாவியை இன்னமும் எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடுகிறார். ஸ்கேன் எடுக்கச் சம்மதித்துவிட்டேன். சூட்டை நான் விட்டுவிட்டேனா? இல்லை. படித்தது பொய்யில்லை. அரைகுறையாகச் செய்த கைதான் பொய்.

போக நினைப்பவர்களுக்கு: இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் வெந்நீர் என்ற வார்த்தையைச் சொல்லாமல் இறங்காதீர்கள். அவர் காதில் வாங்காவிட்டால் வாங்கும்வரை நாற்காலியை விட்டு எழாதீர்கள். இதய நோய், காலில் புண் இருப்பவர்களுக்கு இது வேண்டாம். வெப்பமானி இல்லாத இடத்தில் உட்காராதீர்கள், தனியாக உட்காரவே உட்காராதீர்கள். எழும்போது மெதுவாக எழுங்கள், பிரஷர் மாத்திரை போடுபவர்களுக்குத் தலை சுற்றும். மீட்டரும் குளுக்கோஸும் தொட்டி விளிம்பில் இருக்கட்டும், பைக்குள் வேண்டாம். வயதானவர் திடீரென்று உளறினால் மறதி என்று முடிவு கட்டுமுன் விரலில் ஒரு சொட்டு ரத்தம் பாருங்கள். சாப்பிட்டேன் என்று சொன்னால் இலையைப் பாருங்கள். பிப்ரவரி நல்ல மாதம். மார்ச்சுக்குப் பிறகு அந்த ஊரின் வெயிலே போதும்.

கடைசி நாள் மாலை ஐந்து மணி. மதியம் சோறு, நான்கு மணிக்கு இரண்டு பிஸ்கட், இரண்டும் என் கண்முன்னால். 39 டிகிரி. நான் தொட்டி விளிம்பில் துண்டோடு உட்கார்ந்திருந்தேன். சுகந்தி வாசல் பக்கம் நின்றிருந்தார். என் வீட்டுக்காரர் குழாயைப் பிடித்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரும்மா நீ? கேன்டீன்ல வேல செய்யறியா?"

துண்டைப் போட்டுவிட்டு எழுந்தேன். சுகந்தி மீட்டரோடு ஓடி வந்தார். தொட்டிக்குள் இருந்தவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். "பயந்துட்டா பாரு! வெளையாட்டுக்குச் சொன்னன்டி அஞ்சலை."

"வெரல நீட்டுங்க."

"வெளையாட்டுன்னு சொல்றன்ல?"

"நீட்டுங்க."

நீட்டினார். 142. அதற்குப் பிறகுதான் திட்டத் தொடங்கினேன்.